பாட்டி ஏன் தாழ்ந்த நாற்காலியில் உட்காரவில்லை?

வாசகர் கேள்வி:

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. இஸ்ரேலில் நெத்தன்யா நகரில் ஒரு யூதப் பாட்டியைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். மத ஒழுங்கைக் கறாராகக் கடைப்பிடிக்கும் குடும்பம். போன மாதம் பாட்டியின் பேரன் உயிரை மாய்த்துக்கொண்டான். 24 வயது. அவன் அப்பா அம்மா ஏழு நாள் ஷிவா (துக்கம் காக்கும் சடங்கு) உட்கார்ந்தார்கள். நிறையப் பேர் வந்து போனார்கள். ஆனால் பாட்டி மட்டும் துக்கம் காப்பவர்கள் உட்காரும் அந்தத் தாழ்ந்த நாற்காலியில் உட்காரவில்லை, அவர்கள் வழக்கப்படி துணியையும் கிழித்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் வேலை பார்க்கும் பெண், "இவங்க சட்டத்துல தற்கொலைன்னா கொலை. அப்படிச் செத்தவங்களுக்குத் துக்கம் கிடையாது, வேலியோரமாத்தான் புதைப்பாங்க. அதான் பாட்டி உட்காரல" என்கிறாள். எங்கள் ஊர்ப் போதகரும் இப்படித்தான் பேசுவார். எது உண்மை? எங்கள் ஜெபக்கூட்டத்தில் அந்தப் பையன் பெயரைச் சொல்லி ஜெபிக்கலாமா? இன்னொன்று. போன சனிக்கிழமை பாட்டி மாத்திரையைத் தள்ளிவிட்டு, "அவன் போய்ட்டான், நான் போயிருக்கணும்" என்றார். ஓய்வுநாளில் அந்த வீட்டில் யாரும் போனைத் தொடமாட்டார்கள் என்பதால் நான் யாரையும் கூப்பிடவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லவும் இல்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதற்கு முதலில் பதில் சொல்கிறேன். சட்டம் பற்றிய கேள்வி கொஞ்சம் காத்திருக்கலாம், பாட்டி விஷயம் காத்திருக்கக் கூடாது.

பாட்டி சொன்னதை அவருடைய மகனிடமோ மகளிடமோ இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர்களே துக்கத்தில் இருக்கிறார்களே என்று தயங்க வேண்டாம். ஒரு இழப்புக்குப் பிறகு வயதானவர் ஒருவர் மருந்தை மறுத்துவிட்டு இப்படிப் பேசினால், அதைப் புலம்பல் என்று விட்டுவிட முடியாது. பாட்டியிடமும் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா? எப்பவாவதா, எப்பவுமா?" கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. பெரும்பாலும் கேட்டவரிடம் மனசு விட்டுப் பேசத்தான் செய்வார்கள். மாத்திரைகள் முழுவதையும் உங்கள் பொறுப்பில் பூட்டி வைத்து, வேளைக்கு வேளை நீங்களே எடுத்துக் கொடுங்கள். பாட்டி பதிவு செய்திருக்கும் குப்பத் ஹோலிம் என்ற மருத்துவக் காப்பீட்டு அமைப்பில் குடும்ப டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அவசரம் என்று பட்டால் அங்கே ஆம்புலன்ஸ் எண் 101. மன நெருக்கடிக்கு ஏரான் என்ற உதவி எண் 1201. நீங்கள் யோசனை கேட்கவும் அதே எண்ணுக்குப் பேசலாம்.

சனிக்கிழமை என்றாலும் இதில் மாற்றம் இல்லை. உயிர் ஆபத்து என்று சந்தேகம் இருந்தாலே போதும், ஓய்வுநாள் சட்டம் விலகிக்கொள்ளும். இது இந்தக் காலத்துச் சலுகை என்று நினைக்காதீர்கள். யூத சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தால்முதில் யோமா என்ற பகுதியே இதைப் பேசுகிறது. லேவியராகமம் 18-இல் "அவைகளின்படி செய்கிறவன் அவைகளால் பிழைப்பான்" என்று வருகிறதல்லவா? கட்டளைகள் பிழைப்பதற்காகத்தான், சாவதற்காக அல்ல என்று அந்த வசனத்தை வைத்தே தீர்த்துவிடுகிறார்கள். எருசலேம் தால்முத் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இப்படிப்பட்ட நேரத்தில் சட்டென்று செயல்படுகிறவன் பாராட்டுக்குரியவன், செய்யலாமா என்று ரப்பியிடம் (யூத மதகுரு) கேட்கப் போகிறவன் ரத்தம் சிந்துகிறவன் என்கிறது. ஊருக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும், அந்தக் கேள்வி வரும்படி விட்டு வைத்த ரப்பியும் குற்றவாளிதான் என்றும் சேர்த்துச் சொல்கிறது.

மனநோய் இந்தக் கணக்கில் சேருமா என்று அந்த வீட்டில் யாராவது கேட்டால், வெள்ளிக்கிழமை மாலை பல ஜெப ஆலயங்களில் ஓதுகிற, மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பின் அத்தியாயத்திலேயே பதில் இருக்கிறது. கெட்ட ஆவிக்குப் பயந்து ஓய்வுநாளில் விளக்கை அணைத்தவன் மேல் குற்றமில்லை என்று அதில் ஒரு வரி வரும். அந்தக் கெட்ட ஆவி மனச்சோர்வு நோய்தான் என்று 12-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார் யூத சட்ட அறிஞர் மைமோனிடிஸ். வெளிச்சமும் ஆள் கூட்டமும் தாங்காமல், இருட்டிலும் தனிமையிலும்தான் நிம்மதி காண்கிற நோயாளி என்று வர்ணிக்கிறார். அவர் தொழிலே வைத்தியம், அதனால் இப்படிப்பட்டவர்களை நேரில் பார்த்திருப்பார். ஆகவே அடுத்த சனிக்கிழமை இப்படி ஏதாவது நடந்தால் நீங்களே போனை எடுங்கள். இப்படிப்பட்ட வேலையை வேற்று மதத்தவர் தலையில் கட்டாமல் யூதர்களில் பெரியவர்களே முன்வந்து செய்ய வேண்டும் என்பது அவர்கள் சட்டம். அதனால் நீங்கள் எழுப்பிச் சொன்னால் வீட்டுக்காரர்களும் போனை எடுப்பார்கள்.

சரி, இப்போது நாற்காலி விஷயம்.

பாட்டி உட்காராததற்கும் பேரன் இறந்த விதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. யூத சட்டப்படி ஷிவா உட்காரும் கடமை ஏழு உறவுகளுக்குத்தான்: அப்பா, அம்மா, மகன், மகள், சகோதரன், சகோதரி, பிறகு கணவன் அல்லது மனைவி. ஆசாரியன் யார் யாருக்காகத் தீட்டுப்படலாம் என்று லேவியராகமம் 21-இல் ஒரு பட்டியல் இருக்கிறதே, அதிலிருந்து வந்த கணக்கு. பேரன் அதில் இல்லை. அவன் காய்ச்சலில் இறந்திருந்தாலும் பாட்டி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார். இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. துக்கம் காக்க ஒரு முறையும் ஒரு இடமும் பெற்றோருக்குக் கிடைத்தன. பாட்டிக்கு அந்த இடம் இல்லை. வந்தவர்கள் மகனிடமும் மருமகளிடமும் பேசிவிட்டுப் போயிருப்பார்கள். பாட்டியிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்களா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. யூத சட்டத்தில் தற்கொலை பெரிய குற்றம்தான். ஆதியாகமம் 9:5-இல் "உங்களுக்கு உயிராயிருக்கிற உங்கள் இரத்தத்திற்காகப் பழிவாங்குவேன்" என்று வருகிறது. தன்னைத் தானே கொல்வதற்கான தடை அங்கிருந்து வருவதாகத் தால்முத் சொல்கிறது. தன்னைக் கொன்றவனும் ரத்தம் சிந்தியவன்தான், ஆனால் மனித நீதிமன்றத்துக்கு அவன்மேல் அதிகாரமில்லை, தீர்ப்பு கடவுள் கையில் என்பது மைமோனிடிஸின் சட்டத் தொகுப்பு. உயிர் மனிதனின் சொத்து இல்லை, கடவுளுடையது, வைத்திருப்பவன் தன் இஷ்டப்படி அதை அழிக்க முடியாது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இந்தக் கருத்து வேறொரு இடத்திலும் வேலை செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. யூத சட்டத்தில் ஒருவன் தானே வந்து "நான்தான் கொலை செய்தேன்" என்று ஒப்புக்கொண்டால், அதை வைத்து அவனுக்கு மரண தண்டனை கொடுக்க முடியாது. சாட்சிகள் வேண்டும். மைமோனிடிஸ் இதற்கு ஒரு காரணம் ஊகிக்கிறார்: மனம் கசந்து சாவுக்காக ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படி ஒருவன் செய்யாத குற்றத்தைச் செய்ததாகச் சொல்லி நீதிமன்றத்தின் கையால் சாக வந்திருக்கலாமே! வாழ வெறுத்தவன் எப்படி யோசிப்பான் என்று சாட்சியச் சட்டம் எழுதும்போதே நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

தடை எவ்வளவு கடுமை என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 1941 அக்டோபரில், லித்துவேனியாவில் யூதர்களை நாஜிகள் அடைத்து வைத்திருந்த கோவ்னோ கெட்டோவில் பெரும் படுகொலை நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஒருவர் ரப்பி எஃப்ராயீம் ஓஷ்ரியிடம் வந்தார். மனைவி மக்களைத் தன் கண்முன்னே கொல்வதைப் பார்க்க முடியாது, அதற்கு முன் தன் உயிரை மாய்த்துக்கொள்ளலாமா, அப்படிச் செய்தால் யூதர் கல்லறையிலாவது இடம் கிடைக்குமே என்று கேட்டார். ஓஷ்ரி அதற்கும் அனுமதி தரவில்லை. அந்த மாதக் கடைசியில் ஒரே நாளில் 9,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். ஓஷ்ரி உயிர்தப்பி, கெட்டோவில் தன்னிடம் வந்த கேள்விகளையும் சொன்ன பதில்களையும் பின்னாளில் புத்தகமாக்கினார். இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது எனக்கு ஏற்றுக்கொள்ளவும் முடிவதில்லை, மறுக்கவும் முடிவதில்லை.

மசாதா கோட்டைக்கு உங்களைச் சுற்றுலா கூட்டிப்போயிருந்தால், அங்கே 960 பேர் ரோமரிடம் பிடிபடாமல் சாகத் துணிந்த கதையை வீரமாகச் சொல்லியிருப்பார்கள். அது ஜோசிபஸ் என்ற சரித்திரக்காரர் எழுதி வைத்தது. தால்முதில் அந்தக் கதை இல்லவே இல்லை.

இவ்வளவு கடுமையான சட்டம், ஒருவர் இறந்த பிறகு அப்படியே திரும்பிக்கொள்கிறது. சமஹோத் என்று துக்க விதிகளுக்கான ஒரு பழைய நூல் உண்டு. அறிந்தே தன்னை அழித்துக்கொண்டவனுக்குச் சடங்கு எதுவும் செய்யக் கூடாது என்றுதான் அதில் தொடங்குகிறார்கள். அவனை வாழ்த்தவும் வேண்டாம், சபிக்கவும் வேண்டாம், சும்மா விட்டுவிடு என்கிறார் ரப்பி அக்கிவா. அப்புறம் யார் அப்படிப்பட்டவன் என்று வரையறை வருகிறது. முன்கூட்டியே வாயால் சொல்லி, சொன்ன கையோடு, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்தவன் மட்டும்தான். இறந்த நிலையில் கண்டெடுத்தவர் விஷயத்தில், பார்த்தால் தற்கொலை போலவே தெரிந்தாலும், அறிந்து செய்ததாக வைத்துக்கொள்ளக் கூடாது. அவருக்கு எந்தச் சடங்கையும் குறைக்கக் கூடாது. இந்த வரையறைக்குள் எத்தனை பேர் வருவார்கள், சொல்லுங்கள்!

அதே அத்தியாயத்தில் இரண்டு சிறுவர்களின் கதை இருக்கிறது. ஒருவன் லோத் ஊர்ப் பையன். உங்கள் விமானம் வந்து இறங்கியது அந்த ஊர்ப் பக்கத்தில்தான். பள்ளியிலிருந்து ஓடிவந்துவிட்டான். அப்பா காதைக் காட்டி, வீட்டுக்கு வா பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல் மிரட்டினார். பயத்தில் பையன் உயிரை விட்டுவிட்டான். ரப்பி தர்ஃபோனிடம் கேட்டார்கள். அவனுக்கு எதையும் குறைக்கக் கூடாது என்றார். இன்னொருவன் பெனே பிராக் ஊர்ப் பையன். ஓய்வுநாளில் ஒரு குப்பியை உடைத்துவிட்டான், அவன் அப்பாவும் அதே மாதிரி மிரட்டினார், அதே முடிவு. ரப்பி அக்கிவா சொன்னதும் அதே பதில்தான். ரப்பிகள் இதோடு நிறுத்தவில்லை. பிள்ளையை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று மிரட்டி வைக்காதே, தண்டிப்பதானால் உடனே தண்டி, இல்லையென்றால் பேசாமல் இரு என்று பெற்றோருக்கு விதி எழுதினார்கள். அடிப்பதைப் பற்றி இன்றைக்கு நமக்கு வேறு கருத்து இருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளை இப்படிச் செத்ததும், செத்தவன் பாவியா என்று விசாரிக்காமல், அவன் எதற்கு அவ்வளவு பயந்தான் என்று போகிறார்கள் பாருங்கள். ஏறக்குறைய 1,900 வருஷத்துக்கு முந்தைய ரப்பிகள் இவர்கள். நம் நாட்டில், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே வைத்துக்கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று சட்டம் வருவதற்கு 2017 ஆனது.

வேதாகமத்தில் சவுல் ராஜாவின் முடிவு உங்களுக்குத் தெரியும். கில்போவா மலையில் தோற்று, பெலிஸ்தரின் கையில் சிக்கிச் சித்திரவதைப்படப் பயந்து தன் பட்டயத்தின்மேல் விழுந்தவர். ஆதியாகமத்தின் அந்தத் தடை வசனத்துக்கு விளக்கம் எழுதிய மித்ராஷ் என்ற பழைய வேத விளக்க நூல், அந்த இடத்திலேயே சவுல் இதில் சேரமாட்டார் என்று விலக்குக் கொடுக்கிறது. பிற்காலச் சட்ட நூல்களுக்கு அவர்தான் முன்னுதாரணம். 1565-இல் வெனிஸில் அச்சான யோசேப் காரோவின் ஷுல்கான் ஆரூக் என்ற சட்டத் தொகுப்பு, சிறு பிள்ளைகளுக்கும், சவுலைப் போல நெருக்குதலில் செய்துகொண்ட பெரியவர்களுக்கும் எல்லாச் சடங்கும் உண்டு என்கிறது. தாவீதின் நாளில் மூன்று வருஷம் பஞ்சம் வந்ததே, அதற்கு ஒரு காரணமாகத் தால்முத் சொல்வது என்ன தெரியுமா? சவுலுக்கு முறையாகத் துக்கம் கொண்டாடவில்லை என்பதுதான். உங்கள் ஊர்ப் போதகர் இந்த இடத்தைப் பார்த்திருப்பாரோ என்னவோ.

சரி, அறிந்தே செய்தான் என்று உறுதியாகிவிட்டால்? அங்கேயும் ஒரு கதவு உண்டு. இறந்தவனுக்கான மரியாதை வேறு, உயிரோடு இருப்பவர்களுக்கான மரியாதை வேறு என்று சட்டம் பிரிக்கிறது. புகழுரை வேண்டாம் என்று சொன்ன நூல்களே, பெற்றோருக்கு ஆறுதல் சொல்ல ஊரார் வரிசையில் நிற்க வேண்டும் என்கின்றன. உறவினர் துக்கம் காப்பது எந்தப் பக்கம் சேரும் என்பதில் பெரியவர்களுக்குள் சண்டை. மைமோனிடிஸ் கூடாது என்றார். அடுத்த நூற்றாண்டில் வந்த நக்மானிடிஸ், அதுவும் உயிரோடு இருப்பவர்களின் மரியாதைதான் என்று அனுமதித்தார். கடைசியில், 1908-இல் இறந்த ரப்பி யெகியேல் மிகேல் எப்ஸ்டைன் எல்லாவற்றையும் தொகுத்து ஆரூக் ஹஷுல்கான் என்ற சட்ட நூலில் எழுதிவிட்டார்: பயம், வேதனை, புத்திமாறாட்டம் என்று எந்தச் சின்னக் காரணம் கிடைத்தாலும் அதன்மேல் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் தெளிந்த மனம் உள்ள ஒருவன் இதைச் செய்வான் என்பது நம்பக்கூடியதே அல்ல. இன்றைக்கு ரப்பிகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறார்கள். அந்தப் பையனுக்கு ஷிவா நடந்ததும், அவன் அப்பா கதீஷ் என்ற துக்க ஜெபம் சொல்வதும் ஊருக்காக வளைத்த விஷயம் இல்லை, சட்டத்தின்படி நடப்பதுதான்.

வேலியோரம் புதைக்கும் வழக்கமும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். எத்தனையோ குடும்பங்கள் அந்த அவமானத்தைச் சுமந்திருக்கின்றன. இப்போது அது அரிதாகிவிட்டது.

இந்த இரக்கத்திலும் எனக்கு ஒரு குறை தெரிகிறது. இறந்தவனுக்கு மரியாதை கிடைக்க வேண்டுமானால், அவன் சுயநினைவில் இல்லை என்று ஆக வேண்டியிருக்கிறது. "என் பிள்ளை ஒன்றும் பைத்தியம் இல்லை" என்று சில பெற்றோருக்கு அதுவே இன்னொரு காயம். ஆகவே ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு "அவனுக்கு மனசு சரியில்லாமத்தானே செஞ்சான்" என்று நீங்களாக எடுத்துக் கொடுக்க வேண்டாம். துக்கப்படுகிறவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாது என்பது தால்முதிலேயே உள்ள விதி. அது உங்களுக்கும் பாதுகாப்பு. பையனின் அம்மா சமையலறையில் வந்து நின்றால் டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். அவராக மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், உங்களுக்குத் தெரிந்த அவனைப் பற்றிச் சொல்லுங்கள், அவன் என்ன கேட்டு வாங்கிச் சாப்பிடுவான், பாட்டியிடம் எப்படி வம்பு பண்ணுவான் என்பதெல்லாம். ஏன் செய்தான் என்ற பேச்சுக்கு மட்டும் நீங்கள் போக வேண்டாம்.

பாட்டியிடமோ அவர் பேசட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நீங்களே பேரன் பெயரை எடுங்கள். அவருக்கு ஷிவா இல்லை என்பதால் அந்தப் பேச்சைத் தொடங்க வேறு ஆளில்லை.

பரலோகம் பற்றி: தன்னைக் கொன்றவனுக்கு வரும் உலகில் பங்கில்லை என்று யூதர்களிடையேயும் ஒரு பேச்சு பரவலாக உண்டு. ஆனால் பங்கில்லாதவர்கள் யார் யார் என்று மிஷ்னா வரிசைப்படுத்தும் இடத்தில் தற்கொலை செய்துகொண்டவர்கள் இல்லை. தன் உயிரை மாய்த்துக்கொண்ட அகித்தோப்பேல் அதில் இருக்கிறானே என்று வேதம் படித்த யாராவது உங்களை மடக்கலாம். அவன் தாவீதுக்கு எதிராகச் சதி செய்தவன். பிலேயாமோடும் தோவேக்கோடும் சேர்த்துத்தான் அவன் பெயர் வருகிறது, அந்த இருவரும் தற்கொலை செய்துகொண்டவர்கள் அல்ல. அந்த அகித்தோப்பேலைக்கூட அவன் தகப்பன் கல்லறையில் அடக்கம் பண்ணினார்கள் என்று 2 சாமுவேல் 17 சொல்கிறது.

ஜெபக்கூட்டத்தில் தாராளமாக ஜெபியுங்கள். பெயர் மட்டும் போதும், எப்படி இறந்தான் என்று அங்கே சொல்ல வேண்டாம். பராமரிப்பு வேலையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் எல்லா வீடும் தெரியும், பேச்சு நெத்தன்யாவுக்குத் திரும்பி வந்துவிடும். கிறிஸ்தவ ஜெபத்தில் மகன் பெயர் வந்ததை அந்தக் குடும்பம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதும் தெரியாது. அவர்களாகக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் உங்களோடு இருக்கட்டும். போகும்போது சொல்லும் வார்த்தை வேண்டுமென்றால் "சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கிக்கிறவர்களோடு கடவுள் உங்களையும் தேற்றுவாராக" என்பதுதான் அவர்கள் வழக்கம். எபிரேயத்தில் எப்படிச் சொல்வது என்று பாட்டியிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். டாக்டரிடம் பேசியாகிவிட்டதா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.